கூடைக் கழிவும் கலங்கிய நிரலும்: கேள்வி பதில்

தீபாவளி விற்பனை நெருங்கினால் மலேசியாவில் இணையக் கடைகளுக்கு நிரல் (கணினிக்கான கட்டளைகள்) எழுதித் தரும் நம் பிள்ளைகளுக்குத் தலைவலி தொடங்கிவிடும். வாங்குபவர் பொருள்களைச் சேர்க்கும் கூடைக்குக் கழிவு, அதாவது தள்ளுபடி, போடும் கணக்கைப் பற்றிப் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன்.

பிரிக்பீல்ட்ஸ்: அக்கா, ஒரு சேலைக் கடையின் இணையத்தளத்தைப் பார்த்துக்கொள்கிறேன். கழிவு முழுக்க ஒரே ஃபங்ஷனில் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு), இஃபுக்குள் இஃப், அதாவது நிபந்தனைக்குள் நிபந்தனை. உறுப்பினருக்கு 10 விழுக்காடு, 200 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் வாங்கினால் 15 வெள்ளி, போன வருட தீபாவளிச் சலுகை வேறு இன்னும் உள்ளேயே கிடக்கிறது. முதலாளி புதிதாக ஏதாவது கேட்டாலே வயிற்றைக் கலக்குகிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

தம்பி, இஃப் எத்தனை என்று எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். அந்த ஃபங்ஷன் பொருளின் விலையையே மாற்றுகிறதா என்று பாருங்கள். "விலை = விலை × 0.9" என்கிற மாதிரி ஒரு வரி கண்ணில் பட்டால் கோளாறு அங்கேதான். அடுத்து வரும் விதிக்கு மூல விலை தெரியாது, முன்னால் போனது வெட்டிவைத்த விலைதான் தெரியும். 210 வெள்ளிச் சேலையை எடுத்துக்கொள்ளுங்கள். உறுப்பினர் கழிவு முதலில் போனால் 189 வெள்ளி. 200-ஐ எட்டவில்லை, அதனால் 15 வெள்ளி கிடையாது. வரிசையை மாற்றினால் முதலில் 195, அப்புறம் 175.50. அதே ஆள், அதே சேலை, 13.50 வெள்ளி வித்தியாசம். எது சரி என்று நிரலைப் படித்தால் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் யாரும் முடிவு செய்யவே இல்லை.

விலையை யாரும் தொடக்கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு விதியும் கூடையைப் பார்த்துவிட்டு ஒரு கழிவுப் பதிவைத் தரட்டும்: கழிவின் பெயர், எந்தப் பொருளுக்கு, எத்தனை காசு. பொருந்தாவிட்டால் வெறுங்கையோடு திரும்பட்டும். கூட்டிக் கழிப்பது ஒரே இடத்தில்:

விதிகள் = [உறுப்பினர், இருநூறு_தாண்டினால், தீபாவளி]
ஒவ்வொரு விதிக்கும்:
    பதிவுகள்.சேர்(விதி.பார்(கூடை, பதிவுகள்))
செலுத்தவேண்டியது = மொத்தம்(கூடை) − கூட்டு(பதிவுகள்)

முன்னால் என்ன கழிந்தது என்று தெரியவேண்டிய விதி, பதிவுகளைப் பார்த்துக்கொள்ளும். வரிசை பட்டியலிலேயே தெரிகிறது. தீபாவளி முடிந்ததா, பட்டியலிலிருந்து ஒரு பெயரை எடுத்தால் போதும். "எனக்கு ஏன் இவ்வளவுதான் கழிந்தது?" என்று வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் கேட்டால் பதிவுகளை அப்படியே காட்டலாம்.

ஒரே ராத்திரியில் பெயர்த்துப் போடவேண்டாம். பழைய ஆர்டர்களை எடுத்துப் புது நிரலில் ஓட்டி, இரண்டு விடைகளையும் ஒப்பிடுங்கள். ஒத்துப்போகாத ஒவ்வொன்றையும் முதலாளியிடம் காட்டுங்கள். சிலவற்றில் பழைய நிரல்தான் தப்பாக இருக்கும்.

செத்தாப்பாக்: விழுக்காட்டுக் கழிவு முதலிலா, வெள்ளிக் கழிவு முதலிலா?

அதை நிரலாளர் முடிவு செய்யக்கூடாது. 100 வெள்ளிக்கு 20 விழுக்காடு கழித்துப் பிறகு 10 வெள்ளி கழித்தால் 70. திருப்பிச் செய்தால் 72. "ரெண்டும் ஒண்ணுதானே" என்பார் முதலாளி. இந்த இரண்டு எண்களையும் காட்டி, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பதிலே நிரலைச் சரிபார்க்க உங்கள் முதல் டெஸ்ட்.

பட்டர்வொர்த்: உலாவியில் ஜாவாஸ்கிரிப்ட், சர்வரில் பைத்தான். சில பில்களில் ஒரு காசு உதைக்கிறது அக்கா.

இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, தசமத்தில் பணத்தை வைப்பது. 0.1 உடன் 0.2-ஐக் கூட்டச் சொன்னால் இரண்டு மொழியுமே 0.30000000000000004 என்னும். 8.30 வெள்ளியை 830 காசு என்று முழு எண்ணாக வையுங்கள். மற்றொன்று, அரைக் காசு. 830-இல் 15 விழுக்காடு 124.5. இதை முழு எண்ணாக்கச் சொன்னால் ஜாவாஸ்கிரிப்டின் மேத்.ரவுண்ட் 125 என்னும்; பைத்தானின் ரவுண்ட், பாதியில் நின்றால் இரட்டைப்படைப் பக்கம் சாய்வதால் 124 என்னும். இரண்டுமே சொன்னபடிதான் வேலை செய்கின்றன. கணக்கை சர்வரில் மட்டும் போடுங்கள், உலாவி வந்ததைக் காட்டினால் போதும்.

ஜோர்ஜ்டவுன், லெபோ பசார்: பலகாரக் கடை வைத்திருக்கிறேன், நிரல் மகன் எழுதியது. 10 வெள்ளி பற்றுச்சீட்டை (வவுச்சர்) போட்டு மூன்று பொருள் வாங்கியவர் ஒன்றைத் திருப்பித் தந்தால் எவ்வளவு கொடுப்பது?

ஐயா, மகன் இதை விற்கும்போதே யோசித்திருக்க வேண்டும், திருப்பும்போது அல்ல. 25.00, 18.00, 9.50 என்று மூன்று பொருள், மொத்தம் 52.50 என்று வைப்போம். 1000 காசுக் கழிவை விலைக்கேற்பப் பிரித்தால் 476.19, 342.86, 180.95 என்று வரும். பின்னத்தை வெட்டினால் 476, 342, 180; கூட்டினால் 998. மிஞ்சிய இரண்டு காசை, பின்னம் பெரிதாக இருந்த இரண்டுக்கும் கொடுங்கள்: 476, 343, 181. சரியாக 1000. தனித்தனியே ரவுண்ட் செய்தாலும் இந்த உதாரணத்தில் இதேதான் வரும், ஆனால் எப்போதும் வராது. ஒரே விலையில் மூன்று டின் முறுக்கு என்றால் 333 மூன்று முறை, ஒரு காசு காணாமல் போய்விடும்.

இந்தப் பங்கை ஆர்டரோடு சேமித்துவையுங்கள். 18 வெள்ளிப் பொருள் திரும்பினால் அதன் பங்கான 3.43 போக 14.57 கொடுக்கவேண்டும், புதிதாகக் கணக்குப் போடவேண்டாம். பற்றுச்சீட்டுக்குக் குறைந்தது 50 வெள்ளி வாங்கவேண்டும் என்ற நிபந்தனை இருந்தால், மிச்சம் 34.50 தானே, கழிவைத் திரும்பப் பிடிப்பதா என்று ஒரு கேள்வி வரும். அது உங்கள் வியாபார முடிவு. பழகிய வாடிக்கையாளர் என்றால் நான் பிடிக்கமாட்டேன்.

அதே கடை: கவுண்டரில் ரொக்கமாகக் கொடுத்தால் அந்த 14.57?

14.55. 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்க பில்லின் மொத்தம் அருகிலுள்ள 5 காசுக்குப் போகிறது. இது கழிவு அல்ல, கழிவுப் பதிவுகளில் கலக்காதீர்கள். கடைசியில் ஒரே ஒரு முறை, தனியாக. கார்டு, மின்பணப்பை என்றால் காசு மாறாமல் அப்படியே.

பங்சார்: சேவை வரி விழுக்காட்டை நிரலிலேயே எழுதிவிட்டேன். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்லமாட்டேன். 2015-இல் 6 விழுக்காடு ஜிஎஸ்டி (பொருள், சேவை வரி), 2018 ஜூனில் சுழியம், செப்டம்பரில் மறுபடி எஸ்எஸ்டி (விற்பனை, சேவை வரி), 2024 மார்ச்சில் பெரும்பாலான சேவைகளுக்கு 8, உணவுக்கடை, தொலைத்தொடர்பு போன்ற சிலவற்றுக்கு 6. தேதியோடு ஓர் அட்டவணையில் வையுங்கள்.

சுபாங்: 11.11 (நவம்பர் 11) சலுகை நள்ளிரவில் தொடங்கவில்லை, காலை 8 மணிக்குத்தான் தொடங்கியது!

சர்வர் யூடிசி நேரத்தில் (உலகப் பொது நேரம், நம் நேரத்துக்கு 8 மணி பின்னால்) ஓடுகிறது. நமக்கு 11-ஆம் தேதி பிறக்கும்போது அங்கே 10-ஆம் தேதி மாலை 4 மணி. விதிக்குள்ளே "இப்போது மணி என்ன" என்று கேட்காதீர்கள். நேரத்தை வெளியிலிருந்து கொடுங்கள். அப்போதுதான் நவம்பர் வரை காத்திருக்காமல் ஜூலையிலேயே டெஸ்ட் ஓட்டலாம்.

பாயான் லெப்பாஸ், கல்லூரி மாணவி: என்னிடம் இரண்டு கழிவுதான் இருக்கிறது. இதற்கெல்லாம் ரூல் எஞ்சின் (விதிகளைத் தனியாக வைத்து ஓட்டும் மென்பொருள்) போட்டால் நன்றாக இருக்குமா அக்கா?

தங்கச்சி, இரண்டு கழிவுக்கு ரூல் எஞ்சினா? ஃபங்ஷன்களின் பட்டியல் போதும். நிரலாளரைக் கேட்காமல் கடைக்காரரே வாரம் ஒரு சலுகை போட விரும்பினால் அப்போது யோசிக்கலாம். அதற்குமுன், கழிவு மொத்தத்தைத் தாண்டினால் என்ன ஆகும் என்று ஒரு டெஸ்ட் எழுதியிருக்கிறீர்களா? 8 வெள்ளிக் கூடைக்கு 10 வெள்ளி பற்றுச்சீட்டு வந்தால் கடை 2 வெள்ளி கொடுக்கவேண்டியதாகிவிடும்.