புற்றுநோயாளியிடம் முன்கூட்டிய பராமரிப்புத் திட்டம் பற்றிப் பேச மருத்துவருக்குத் தனிப்பயிற்சி அவசியமா?

நோய் முற்றிப் பேச இயலாமல் போகும் முன்பே, எத்தகைய சிகிச்சை வேண்டும், தமக்காக யார் முடிவெடுக்க வேண்டும் என்று நோயாளியுடன் பேசி வைப்பதுதான் முன்கூட்டிய பராமரிப்புத் திட்டம். அனுபவம் கூடக்கூட இந்தப் பேச்சு தானாகவே கைவந்துவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். நோய்த்தணிப்புச் சிகிச்சைப் பிரிவில் பணியாற்றிக்கொண்டே இளம் மருத்துவர்களுக்கு இப்பயிற்சியை அளித்து வருபவன் என்ற முறையில், பெரும்பாலும் வருவதில்லை என்றே சொல்வேன். அறுவை சிகிச்சையில் கை தவறினால் விரைவில் தெரிந்துவிடும். பேச்சில் தவறினால் யாரும் சுட்டிக்காட்டுவதில்லை. 2012இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், உடலின் பிற பகுதிகளுக்கும் பரவிவிட்ட நுரையீரல் புற்றுநோய் கொண்டவர்களில் 69 விழுக்காட்டினரும், பெருங்குடல் புற்றுநோய் கொண்டவர்களில் 81 விழுக்காட்டினரும், கீமோதெரபி தங்களைக் குணப்படுத்த வாய்ப்பில்லை என்பதை உணர்ந்திருக்கவில்லை. தம் மருத்துவர் மிக நன்றாகப் பேசுகிறார் என்று மதிப்பிட்டவர்களிடம் இந்தத் தவறான நம்பிக்கை இன்னும் அதிகமாக இருந்தது என்பதுதான் என்னை மிகவும் கலங்கவைத்த முடிவு. அப்படியிருக்க, நோயாளி சொல்லும் நன்றியை வைத்து ஒரு மருத்துவர் தம்மை எப்படித் திருத்திக்கொள்ள முடியும்?

ஆகவே நோயாளியாக நடிக்கப் பழகியவர்களை எதிரே அமர்த்தி, இளம் மருத்துவர்களைப் பேச வைத்து, இடையிலேயே நிறுத்தி, அதே இடத்திலிருந்து மீண்டும் பேச வைக்கிறோம். கெட்ட செய்தியைச் சொல்வதற்கென 2000இல் வெளியான ‘ஸ்பைக்ஸ்’ என்னும் ஆறுபடி முறை நல்ல தொடக்கம்: நோயாளிக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்ட பிறகே தகவலைச் சொல்ல வேண்டும். இதை எளிதில் கற்றுவிடுகிறார்கள். கடினமானது அடுத்து வருவது. “எனக்கு இன்னும் எவ்வளவு நாள், டாக்டர்?” என்று நோயாளி கேட்டதும், பெரும்பாலோர் அடுத்த மருந்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். அந்தக் கேள்விக்குள் இருக்கும் அச்சத்தைக் கண்டுகொண்டு, சற்று மௌனமாக இருந்து, “எதை நினைத்து அதிகம் கவலைப்படுகிறீர்கள்?” என்று கேட்பதற்குத் திரும்பத் திரும்பப் பழக வேண்டியிருக்கிறது. தம்மால் பேச இயலாத நிலை வந்தால் யார் முடிவெடுக்க வேண்டும், வென்டிலேட்டர் வேண்டுமா என்பவையெல்லாம் அதன் பிறகே வர வேண்டும். படிவத்தை முதலிலேயே நீட்டுவதை நான் ஏற்பதில்லை.

பயிற்சி மட்டும் போதும் என்றும் சொல்லமாட்டேன். 2013இல் வெளியான ஒரு பெரிய சோதனையில், இத்தகைய பயிற்சிக்குப் பின்னும் நோயாளிகள் தந்த மதிப்பீடு உயரவில்லை. வகுப்பில் பழகியதை வார்டில் மூத்தவர் ஒருவர் உடனிருந்து கவனித்துத் திருத்த வேண்டும். பேசி முடித்ததைக் கேஸ் ஷீட்டில் தெளிவாக எழுதவும் கற்பிக்க வேண்டும். நள்ளிரவில் மூச்சுத்திணறலுடன் அதே நோயாளி வரும்போது பணியில் இருப்பவர், பெரும்பாலும் அவரிடம் பேசிய மருத்துவராக இருக்கமாட்டார்.