நாவலிலும் சினிமாவிலும் உங்களை அதிகம் நடுங்க வைத்த கூலிக் கொலையாளி யார்?

எனக்கு ஆன்டன் சிகர்தான். கார்மாக் மெக்கார்த்தி 2005-இல் எழுதிய ‘நோ கன்ட்ரி ஃபார் ஓல்ட் மென்’ நாவலில் வருபவன். 2007-இல் கோயன் சகோதரர்கள் அதைப் படமாக்கினார்கள். சிகராக நடித்த ஹாவியர் பார்டெமுக்குச் சிறந்த துணை நடிகர் ஆஸ்கர் கிடைத்தது.

கதை 1980-இல் டெக்சாஸில் நடக்கிறது. போதைப்பொருள் பேரம் துப்பாக்கிச் சண்டையில் முடிந்த இடத்தில் ஒரு பெட்டி நிறையப் பணம். வேட்டைக்குப் போன ஒருவன் அதை எடுத்துக்கொண்டு ஓடுகிறான், சிகர் துரத்துகிறான். கசாப்புக்கூடத்தில் மாட்டின் நெற்றியில் அடித்து வீழ்த்துகிற காற்றழுத்தக் கருவி அவன் ஆயுதங்களில் ஒன்று. பூட்டுக்கும் அது, மனிதனுக்கும் அது.

ஆனால் என்னை உலுக்கிய காட்சியில் அந்தக் கருவியே வராது, ஒரு சொட்டு ரத்தமும் கிடையாது. சாலையோரப் பெட்ரோல் பங்க். கல்லாவில் ஒரு பெரியவர். காரின் நம்பர் பிளேட்டைப் பார்த்துவிட்டு, உங்கள் பக்கம் மழை உண்டா என்று கேட்கிறார். நாம் எல்லோரும் ஊர் பேர் தெரியாதவரிடம் கேட்கிற கேள்விதானே! அந்த ஒரு கேள்வியை சிகர் பிடித்துக்கொள்கிறான். எப்போது கடை மூடுவாய், எத்தனை மணிக்குத் தூங்குவாய் என்று குரலை உயர்த்தாமல் கேட்டுக்கொண்டே போகிறான். கொறித்து முடித்த பாக்கெட்டைக் கசக்கிக் கல்லா மேசையில் வைக்கிறான். அது சரசரவென்று மெல்ல விரிகிறது. படத்தில் பின்னணி இசை கிட்டத்தட்ட இல்லை என்பதால் அந்தச் சத்தம் மட்டும் கேட்கிறது. ராத்திரி ஹெட்ஃபோனில் பார்த்த எனக்கு அங்கேதான் வயிற்றைப் பிசைந்தது.

அப்புறம் நாணயத்தைச் சுண்டி, பூவா தலையா சொல்லு என்கிறான். எதற்குப் பந்தயம் என்று பெரியவருக்குப் புரியவில்லை. 1958-இல் அச்சான இந்தக் காசு 22 வருஷம் பயணம் செய்து இங்கே வந்திருக்கிறது என்கிறான் சிகர். அவர் தலை என்கிறார், தலையே விழுகிறது. பிழைத்தார்.

சிகருக்குக் கோபம் இல்லை, வெறி இல்லை. கொல்வது தான் அல்ல, விதி என்று உண்மையாகவே நம்புகிறான். சொன்ன சொல் தவறாதவன் என்று நாம் யாரையாவது புகழ்வோம் இல்லையா, அந்தக் குணம் இவனிடம் இருக்கிறது. பணத்தைத் தராவிட்டால் உன் மனைவியைக் கொல்வேன் என்று துரத்தப்பட்டவனிடம் சொல்லியிருந்தான். அவன் செத்த பிறகும், கொடுத்த வாக்குக்காக அவள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறான்.

இங்கே நாவலைவிடப் படமே எனக்கு உசத்தி. நாவலில் அந்தப் பெண் கார்லா ஜீன் பூவா தலையா சொல்லித் தோற்கிறாள். படத்தில் சொல்லவே மறுக்கிறாள்: காசுக்கு இதில் பங்கில்லை, எல்லாம் நீதான். படம் முழுக்க அவனிடம் இதை நேருக்கு நேர் சொல்லித் தோலுரிப்பவள் அவள் ஒருத்திதான். கெஞ்சுவதற்கு எல்லாக் காரணமும் இருந்தும் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று காட்டுவதில்லை. இதற்கு முந்தைய ஒரு கொலையில், தரையில் ரத்தம் பரவி வரும்போது சிகர் காலைத் தூக்கி வைத்துக்கொள்வான். இப்போது அந்த வீட்டு வாசலுக்கு வந்ததும் நின்று, பூட்ஸின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறான்.