சிறுவாடும் சாமி காசும்: வாசகர் கேள்வி – பதில்

அக்டோபர் 30 சிக்கன நாள் என்பதால், வீட்டுச் செலவு, நேர்த்திக்கடன், சேமிப்பு ஆகியவை பற்றிய கேள்விகளை இம்மாதம் அனுப்பும்படி வாசகர்களைக் கேட்டிருந்தோம். 1924-ஆம் ஆண்டில் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய சேமிப்பு வங்கிகளின் மாநாட்டை ஒட்டி உலகம் இதை அக்டோபர் 31 அன்று கொண்டாடுகிறது. நம் நாட்டில் ஒரு நாள் முன்னதாகவே கொண்டாடிவிடுகிறோம். சிக்கனத்திலாவது நாம் உலகத்தை முந்தியிருக்கிறோம் என்று மகிழ்ந்துகொண்டு கேள்விகளுக்குச் செல்வோம்.

கேள்வி: என் மாமியார், தம் மகனுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று முப்பது ஆண்டுகளுக்கு முன் திருப்பதிப் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டு, மஞ்சள் துணியில் நாலணா முடிந்து வைத்திருக்கிறார். வேலையும் கிடைத்தது, மாமியாரும் காலமாகிவிட்டார். பூஜை அலமாரியைத் துடைத்தபோது அந்த முடிச்சு அகப்பட்டது. நாலணா இப்போது செல்லாதே, என்ன செய்வது?
– கும்பகோணம் வாசகி

நாணயம் செல்லாது என்பது உண்மைதான். 25 காசும் அதற்குக் குறைந்த நாணயங்களும் 2011 ஜூன் 30-உடன் விடைபெற்றுவிட்டன. ஆனால், அந்த நாணயத்தோடு செய்த வேண்டுதலும் செல்லாது என்று ரிசர்வ் வங்கி எந்த அறிவிப்பும் வெளியிடவில்லை. துணியை அவிழ்த்துப் பாருங்கள். ஒரு பக்கத்தில் காண்டாமிருகம் பொறித்த எஃகு நாணயமாக இருக்கக்கூடும். அந்தக் காலத்து நாலணாக்களில் பெரும்பாலானவை அவைதாம். பார்த்துவிட்டு, அதே துணியில் அப்படியே முடிந்துவிடுங்கள்.

முப்பது ஆண்டுத் தாமதத்துக்குப் பெருமாள் கோபித்துக்கொள்வாரோ என்ற கவலை உங்கள் கடிதத்தின் வரிகளுக்கிடையே தெரிகிறது. அவர் கோபித்துக்கொள்ள நியாயமில்லை. தம் திருமணச் செலவுக்காகக் குபேரனிடம் கடன் வாங்கி, கலியுகம் முடியும்வரை வட்டி கட்டிவருபவர் என்றுதான் அவரைப் பற்றிய கதையே கூறுகிறது. தெலுங்கு நாட்டு அடியார்கள் அவரை 'வட்டி காசுலவாடு' என்றே உரிமையோடு அழைக்கிறார்கள். கடன்பட்டார் நெஞ்சம் எப்படியிருக்கும் என்பதை அவருக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அதே காரணத்தால், வட்டிக் கணக்கும் அவருக்கு நன்றாகத் தெரியும் என்பதை மறந்துவிட வேண்டாம்.

பயப்படாதீர்கள், கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். எட்டு விழுக்காடு கூட்டு வட்டி என்று வைத்துக்கொண்டாலும், முப்பது ஆண்டுகளில் 25 காசு வளர்ந்து இரண்டரை ரூபாய்தான் ஆகிறது. ஆகவே தொகை பெரிதன்று. அதைச் செலுத்த வேண்டியவர் யார் என்பதே கேள்வி. வேலை கிடைத்தது உங்கள் கணவருக்கு. முப்பது ஆண்டுகளாக மாதந்தோறும் சம்பளம் வாங்கியவரும் அவர்தாம். எனவே அந்த முடிச்சோடு தம் பங்காக ஒரு தொகையைச் சேர்த்து, அவர் கையாலேயே உண்டியலில் போடச் சொல்லுங்கள். எவ்வளவு என்று அவர் கேட்டால், இரண்டரை ரூபாய்க் கணக்கை மட்டும் அவரிடம் காட்டிவிடாதீர்கள்.

கேள்வி: சிக்கனத்துக்கும் கஞ்சத்தனத்துக்கும் என்ன வேறுபாடு?
– விருதுநகர் வாசகர்

செய்வது நாமா, சம்பந்தி வீட்டாரா என்பதுதான்.

கேள்வி: பழனிக்கு என்று பூஜை அறையில் ஒரு மண் உண்டியல் வைத்திருக்கிறேன். மாதக் கடைசியில் கை முடங்கும்போது அதிலிருந்து கொஞ்சம் எடுத்துவிட்டுப் பிறகு போட்டுவிடுகிறேன். இது தெய்வக் குற்றமா?
– திருநெல்வேலி வாசகி

சாஸ்திரம் அறிந்தவர்கள் என்ன சொல்வார்களோ தெரியாது. குடும்பம் நடத்தியவர்கள் இதைக் குற்றம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் உங்கள் கேள்வியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது.

ஒரு வீட்டில் பணம் இருக்கும் இடங்களை எண்ணிப் பாருங்கள். கணவரின் சட்டைப் பை, அலமாரியின் உள்ளறை, வங்கிக் கணக்கு என்று எத்தனையோ இருக்கின்றன. இவை எல்லாவற்றுக்கும் எல்லோருடைய கையும் எட்டும். கைப்பேசியைக் கடையின் அட்டைக்கு நேராகக் காட்டினாலே பணம் போய்விடுகிற இந்நாளில், நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது ஏற்படுகிற அந்தச் சிறு தயக்கம்கூட நமக்கு இல்லாமல் போய்விட்டது. வீடு முழுவதிலும், கையை நீட்டும் முன் ஒரு கணம் மனம் உறுத்துகிற ஒரே இடம் சாமி உண்டியல்தான். நம் பாட்டிமார்கள் வங்கியின் வாசலை மிதித்ததில்லை என்றாலும், மன உறுதியை நம்பிப் பணத்தைச் சேர்க்க முடியாது என்பதை நன்றாக அறிந்திருந்தார்கள். அதனால்தான் சாவியை முருகனிடம் கொடுத்துவிட்டார்கள். பக்திக்காகச் சேர்த்த பணம் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். சேர்ப்பதற்காகவும் பக்தி வேண்டியிருந்தது என்பதே என் எண்ணம். இப்படிச் சொல்வதால் பக்தியின் மதிப்புக் குறைந்துவிடுவதாக நான் நினைக்கவில்லை.

ஆகையால் எடுப்பதில் தவறில்லை. உறுத்தலின்றி எடுக்கப் பழகிவிடுவதில்தான் ஆபத்து. எங்கள் வீட்டில் இதற்கு ஒரு முறை இருக்கிறது. என் மனைவி எடுக்கும் நாளிலேயே, நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்புறம் "முருகா, 200, ஒன்றாம் தேதி" என்று எழுதி நாலாக மடித்து உண்டியலுக்குள் போட்டுவிடுவார். ஒன்றாம் தேதி திருப்பிப் போடும்போது 201 ரூபாயாகப் போடுவார். அந்த ஒரு ரூபாய் வட்டியா, அபராதமா என்று கேட்டதற்கு, "மொய் என்று வைத்துக்கொள்ளுங்களேன்" என்று பதில் வந்தது.

சீட்டு எழுதுவதோடு நிறுத்திக்கொள்கிறவர்களும் உண்டு. உறவுக்காரர் ஒருவர் வீட்டில் பழனிக்குப் புறப்படும் முன் உண்டியலை உடைத்தபோது, உள்ளே சில்லறையைவிடச் சீட்டுகளே மிகுதியாக இருந்தன. முருகன் கையில் இருந்ததெல்லாம் வாராக்கடன்.

கேள்வி: வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து என் மனைவி ஒளித்து வைத்திருக்கும் சிறுவாட்டுப் பணம் எவ்வளவு என்று அறிந்துகொள்ள ஏதேனும் வழி உண்டா? திருமணமாகி இருபத்தைந்து ஆண்டுகளாக முயன்று வருகிறேன்.
– ஈரோடு வாசகர்

பழைய ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்து, அப்படியொரு வாய்ப்பை 2016 நவம்பர் 8 அன்று இரவு எட்டு மணிக்கு மத்திய அரசே உங்களுக்கு வழங்கியது. நீங்கள் அதைத் தவறவிட்டுவிட்டீர்கள். அன்றிரவு தமிழ்நாட்டுச் சமையலறைகளில் திறக்கப்பட்ட டப்பாக்களுக்குக் கணக்கே இல்லை. உளுந்துக்குள் புதைந்து கிடந்த ஐந்நூறு ரூபாய் நோட்டுகள், மிளகாய் வாசனையும் பெருங்காய வாசனையுமாக வங்கிக் காசாளரின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தன. எங்கள் வீட்டுப் பணத்தை வரிசையில் நின்று கட்டியவன் நான்தான்; காசாளர் நோட்டை எண்ணும்போது தும்மிவிட்டு என்னைப் பார்த்த பார்வையில், 'உங்கள் வீட்டிலுமா?' என்ற கேள்வி இருந்தது.

இல்லத்தரசிகள் அப்போது கட்டிய தொகை இரண்டரை லட்சம் ரூபாய் வரை இருந்தால், அதைக் கணக்கில் வராத வருமானமாகக் கருதக் கூடாது என்று வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் ஆக்ரா அமர்வு 2021-இல் தீர்ப்பளித்தது. வருமான வரித் துறையே கேட்கக் கூடாது என்று சொல்லப்பட்ட தொகையைத் தாங்கள் ஏன் கேட்கிறீர்கள்? அது எவ்வளவு என்று தெரியாமல் இருக்கும்வரைதான் அவசர காலத்தில் அது உங்களுக்கு உதவும். தெரிந்துவிட்டால் அவசரம் தானாகவே வந்துவிடும். ஏதாவது ஒரு தவணைக்கு முன்பணமாக அது போய்விடும். விட்டுவிடுங்கள் ஐயா.

கேள்வி: கோயில் உண்டியலில் பத்து ரூபாய் போடச் சொல்லிக் கைப்பையைக் கொடுத்தால், என் பேரன் ஐந்நூறு ரூபாயைப் போட்டுவிட்டான். திரும்பக் கேட்டால் கொடுப்பார்களா?
– சென்னை வாசகி

கேட்கலாம், கிடைக்காது. உண்டியலுக்குள் விழுந்தது எதுவானாலும் அது கோயிலுக்குச் சொந்தம் என்பதற்கு 1975-ஆம் ஆண்டிலேயே விதிகள் வகுத்திருக்கிறார்கள். 2024 டிசம்பரில் திருப்போரூர் கந்தசுவாமி கோயில் உண்டியலில் ஒரு பக்தரின் ஐபோன் தவறி விழுந்தபோதும், உள்ளிருக்கும் தகவல்களை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம், போன் முருகனுக்கே என்றுதான் முதலில் பதில் வந்தது. பழனியில் ஒரு பெண்மணியின் கழுத்துச் சங்கிலி மாலையோடு சேர்ந்து உண்டியலுக்குள் போய்விட, அவருடைய நிலையை அறிந்த அறங்காவலர் குழுத் தலைவர் தம் சொந்தப் பணத்தில் புதிய சங்கிலி வாங்கிக் கொடுத்தார். விதியையும் மீறவில்லை, அந்த அம்மாளையும் கைவிடவில்லை. ஐந்நூறு ரூபாய்க்கு அப்படி யாரும் முன்வர மாட்டார்கள் என்பதால், பேரனைத் திட்டாமல் புண்ணியக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த முறை கைப்பையைக் கொடுக்காமல் நோட்டைக் கொடுங்கள்.

கேள்வி: நான் அறைக்குள் இருக்கும்போதே என் கணவர் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போகிறார். கேட்டால் சிக்கனம் என்கிறார்.
– மதுரை வாசகி

மதுரை வெயிலில் இது சிக்கனமன்று, சோதனை. உங்கள் கணவருக்குக் கணக்குதான் மொழி என்றால் கணக்கிலேயே பேசுவோம். சாதாரண மின்விசிறி ஏறத்தாழ 75 வாட் மின்சாரம் எடுக்கும். பத்து மணி நேரம் இடைவிடாமல் சுற்றினாலும் முக்கால் யூனிட்தான். அவர் காலையில் வெந்நீருக்காகப் போட்டுவிட்டுச் செய்தித்தாள் படிக்க உட்கார்ந்துவிடுகிற கீசர் 2,000 வாட் என்றால், அரை மணி நேரத்தில் ஒரு யூனிட்டை விழுங்கிவிடும். உங்களைப் பகல் முழுவதும் வியர்க்கவைத்து அவர் மிச்சப்படுத்துவதை, அவருடைய ஒரு குளியல் அடித்துக்கொண்டு போய்விடுகிறது.

அவர் கவனிக்க வேண்டியது வேறொன்று. 2025 நிலவரப்படி, தமிழ்நாட்டில் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை எடுக்கும் கணக்கில் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டாதவரை அடுத்த நூறு யூனிட்டுக்கும் கட்டணம் குறைவு. 501-ஆவது யூனிட் ஓடிவிட்டால், அந்த ஒரு யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்த சலுகையும் சேர்ந்தே போய்விடுகிறது. ஆகவே கணக்கெடுப்பு நாள் நெருங்கும்போது மீட்டரைப் பார்த்து வைத்துக்கொள்வது உண்மையான சிக்கனம். அந்தப் பொறுப்பை அவரிடம் முறைப்படி ஒப்படைத்துவிடுங்கள். மீட்டர்ப் பெட்டி வீட்டுக்கு வெளியே இருப்பதால், அவர் அங்கே நிற்கும் நேரமெல்லாம் உங்களுக்குக் காற்று வரும்.

கேள்வி: உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு, சபைக்குக் காணிக்கையாகக் கொடுப்பது எங்கள் அம்மாவின் வழக்கம். இப்போது வீட்டில் நாங்கள் இருவர்தாம். சர்க்கரை நோயால் பாதி நாள் சோறே சமைப்பதில்லை. வழக்கத்தை விட்டுவிடலாமா?
– பாளையங்கோட்டை வாசகி

விட வேண்டாம், மாற்றிக்கொள்ளுங்கள். பிடி அரிசி பல சமயத்தாரிடமும் இருந்திருக்கிறது; காஞ்சிப் பெரியவரும் வீடுதோறும் பிடி அரிசி எடுத்து வைக்கும்படி வலியுறுத்தியிருக்கிறார். சம்பளம் வாங்காத பெண்களும் தம் கையால் கொடுக்க முடிந்த காணிக்கை அது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, அடுப்பங்கரையிலேயே முடிந்துவிடும். சோறு சமைக்காத நாளில் அந்தப் பிடியை எந்தத் தானியத்திலிருந்து எடுத்தாலும் ஆண்டவர் மறுக்கப்போவதில்லை. மருத்துவர் உங்களுக்கு விலக்கிய அரிசியைக் காணிக்கையாக்குவதில் ஒரு வசதியும் இருக்கிறது, பார்த்தீர்களா?

கேள்வி: மனைவியின் நகைக்கு ஜகாத் கொடுக்க வேண்டியவர் கணவரா, மனைவியா?
– மேலப்பாளையம் வாசகர்

இதற்கான தீர்ப்பை உங்கள் ஜமாஅத்தின் மார்க்க அறிஞரான ஆலிமிடம் கேட்பதே முறை. அணிந்துகொள்ளும் நகைக்கு ஜகாத் என்னும் கடமையான தானம் உண்டா என்பதிலேயே ஹனஃபி, ஷாஃபி மத்ஹபுகளுக்கிடையே, அதாவது இஸ்லாமியச் சட்ட மரபுகளுக்கிடையே, கருத்து வேறுபாடு இருக்கிறது. உண்டு என்று கொள்வோர், ஏறத்தாழ 11 பவுன் அளவை எட்டிய தங்கம் ஓராண்டு கையில் இருந்தால், அதில் நாற்பதில் ஒரு பங்கைக் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். கொடுக்கும் கடமை நகை யாருடையதோ அவரைச் சேர்ந்தது. மனைவியின் சம்மதத்தோடு கணவர் கொடுத்தால் அதுவும் நிறைவேறிவிடும் என்பதே பொதுவாகச் சொல்லப்படுவது.

எனக்குத் தெரிந்த வரையில் சிக்கல் மார்க்கத்தில் இல்லை, வீட்டில்தான் இருக்கிறது. ரமலான் மாதத்தில் 'உன் நகை' என்று சொல்லப்படுவது, அடகுக் கடைக்குப் போகும் நாளில் 'நம் நகை' ஆகிவிடுகிறது. இரண்டில் எது என்று நீங்கள் இருவரும் முதலில் முடிவு செய்துகொண்டு, பிறகு ஆலிமைப் பார்க்கப் போங்கள். அவருக்கும் வேலை பாதியாகக் குறையும்.