அனத்தோலிய மேட்டுநில மானாவாரி கோதுமை: கேள்வி பதில்

துருக்கியின் கொன்யா, அங்காரா வட்டாரம்: சுமார் 1000 மீட்டர் உயரம், ஆண்டு மழை 300–400 மி.மீ., கடும் குளிர்காலம். அங்கே ரகம் உருவாக்குவது பற்றி மட்டும் கேளுங்கள்.

முதுநிலை மாணவர்: ஐயா, முதல் தலைமுறைகளில் விளைச்சலை வைத்தே கழிக்கலாமா?

வேண்டாம். தரையைத் துளைத்து வருகிறதா, குளிரில் பிழைக்கிறதா, துரு நோய் தாக்குகிறதா என்று பாருங்கள். விளைச்சல் சோதனையை விதை பெருகிய பிறகு, பல இடங்களில், குறைந்தது மூன்று ஆண்டு நடத்துங்கள். ஒவ்வொரு சோதனையிலும் ஊர் அறிந்த ஒப்பீட்டு ரகம் ஒன்று இருக்கட்டும். அது இல்லாத எண் எண்ணே அல்ல.

வேளாண் பட்டதாரி: பசுமைப் புரட்சியே குட்டை ரகத்தால்தானே? அந்த மேட்டுநிலத்துக்கு மட்டும் அது ஏன் ஒத்துவராது?

பாசன நிலத்துக்கு வேண்டும். இங்கே தரிசு விட்ட ஆண்டில் சேர்ந்த ஈரம் இலையுதிர்காலத்தில் 8–10 செ.மீ. ஆழத்தில் கிடக்கிறது, விதையும் அங்கே போக வேண்டும். குட்டை ரகங்களில் இருக்கும் ஆர்.எச்.டி.1, ஆர்.எச்.டி.2 மரபணுக்கள் தண்டோடு முளையுறையையும் (முதல் இலையை மூடி மண்ணைத் துளைத்து வரும் உறை) குறுக்கிவிடும். உறை 6–7 செ.மீ.யில் நின்றுபோனால் முதல் இலை மண்ணுக்குள்ளேயே மடங்கிச் சாகும்.

அளப்பது எளிது. ஒரே எடையுள்ள 20 விதைகளை ஈரமான முளைப்புத் தாளில் வரிசையாக வைத்துச் சுருட்டுங்கள். 4 டிகிரியில் மூன்று நாள், பிறகு 20 டிகிரியில் முழு இருட்டில் பத்து நாள். விதையிலிருந்து உறை நுனி வரை மி.மீ.யில் அளந்து பாருங்கள். வெளிச்சம் புகுந்தால் உறை குட்டையாகும். பெரிய விதையைச் சிறியதோடு ஒப்பிட்டால் மரபணுவை அல்ல, விதையின் பருமனைத்தான் அளக்கிறீர்கள். ஒப்பீட்டு ரகத்தை மறக்காதீர்கள்.

அவரே: 4 செ.மீ.யில் விதைத்துவிட்டால் தீர்ந்ததே?

10 மி.மீ. தூறலில் முளைக்கும், அடுத்த மூன்று வாரம் மழையில்லாமல் கருகும். மறுவிதைப்புக்குள் குளிர் வந்துவிடும். தூர் கட்டாத பயிர் பனியைத் தாங்காது.

இன்னொருவர் குறுக்கே: உயரமான ரகம் சாயுமே சார்!

ஹெக்டேருக்கு இரண்டு டன் விளையும் நிலத்தில் சாய்வதற்குக் கதிரில் அவ்வளவு பாரம் ஏது? மாறாக, வறட்சி ஆண்டில் குட்டை ரகம் இன்னும் குறுகி அறுவடை இயந்திரத்தின் கத்திக்கே எட்டாது. ஆட்டுக்கு வைக்கோலும் போச்சு. இடைவழி ஆர்.எச்.டி.8 என்ற மரபணு: தண்டைக் குறைக்கும், முளையுறையைத் தொடாது. ஜப்பானின் அகாகோமுகி ரகத்திலிருந்து இத்தாலியர் நசரேனோ ஸ்ட்ராம்பெல்லியின் கலப்புகள் வழியே ஐரோப்பாவுக்கு வந்தது. ரஷ்யாவின் பெசோஸ்தயா-1 ரகத்தில் இருக்கிறது. இந்த வாதம் இத்தோடு போதும்.

ஆய்வக உதவியாளர்: குளிர்ச் சோதனையில் ஒரே தட்டுக்குள் பாதி சாகிறது, பாதி பிழைக்கிறது. ஏன்?

மண் ஈரம் சீராக இல்லை. ஈர மண் உறையும்போது வெப்பம் விடும், அந்த மூலை தாமதமாகக் குளிரும். நாற்றை 2–4 டிகிரியில் ஐந்து வாரம் பழக்குங்கள், −3 டிகிரியில் இரவு முழுக்க நிறுத்துங்கள், பிறகு மணிக்கு 2 டிகிரி இறக்குங்கள். −13, −15, −17க்குத் தனித்தனித் தட்டு. பனி உருகிய அன்றே எண்ணாதீர்கள். மூன்று வாரம் கழித்துப் புதுக் குருத்தை எண்ணுங்கள். தட்டுதோறும் ஒப்பீட்டு ரகம்.

விவசாயி ஒருவர்: அதிக விளைச்சல் ரகம் எது?

'எங்கே' என்பதைச் சேர்த்துக் கேளுங்கள். கெரெக்-79 என்ற ரகம் அந்த மேட்டுநிலத்தில் பரந்து விளைந்தது. மஞ்சள் துரு வந்த ஆண்டுகளில் அதுவே அடிவாங்கியது.

மற்றொருவர்: எந்த ரகம் நல்லது?

மேலே.

மண் ஆய்வாளர்: நல்ல ரகமும் வெளிறிக் குட்டையாக நிற்கிறதே?

சுண்ணாம்பு மண்ணாக இருந்தால் துத்தநாகத்தைச் சோதியுங்கள். 0.5 பிபிஎம்முக்குக் (கிலோ மண்ணுக்கு அரை மி.கி.) கீழே இருந்தால் ரகத்தைக் குறை சொல்லாதீர்கள். அங்கே நடந்த சோதனைகளில் ஹெக்டேருக்கு 23 கிலோ துத்தநாகத்தை மண்ணில் இட்டார்கள். ரவைக் கோதுமை சீக்கிரம் வாடும், ரொட்டிக் கோதுமை கொஞ்சம் தாங்கும், ரை என்ற தானியம் அசராது.

நீலகிரியிலிருந்து: இந்த ரகங்களை ஊட்டியில் போடலாமா?

ஊட்டி ஈரமலை, இது வறண்ட மேடு. உங்கள் நீலகிரியிலேயே உள்ள வெலிங்டன் கோதுமை ஆராய்ச்சி நிலையம் துரு நோய்த் தேர்வுக்கும் பருவம் தாண்டிய விதைப்புக்கும் பேர்போனது. உள்ளூர் விவரத்தை அவர்களிடம் கேளுங்கள். குளிர்காலக் கோதுமை என்றால் முதலில் நாற்றை 4 டிகிரியில் ஆறு முதல் எட்டு வாரம் வையுங்கள், இல்லையேல் கதிர் வராது.

புதியவர்: சார், அதிக விளைச்சலுக்கு எந்த ரகம்...

மேலே, இரண்டு தடவை.