மரக்கன்று கொடுத்தால் கடைக்கு ஆள் வருமா? சின்னக் கடைக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

வணக்கம். உடுமலையில் 14 வருடம் பேக்கரி நடத்தினேன். இப்போது கோவையில் சின்னக் கடைகளுக்குக் கணக்கு பார்த்துக் கொடுக்கிறேன். குளத்துக்கும் மரத்துக்கும் காசு கொடுத்தால் வியாபாரம் கூடுமா என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

கேள்வி (பொள்ளாச்சி, ஸ்வீட் கடை): அக்கா, சுத்தி வளைக்காமல் கேட்கிறேன். சுற்றுச்சூழலுக்கு நன்கொடை கொடுத்தால் புது வாடிக்கையாளர் வருவார்களா, மாட்டார்களா?

பதில்: அதை மட்டும் பார்த்துப் புதிதாக வருகிறவர்கள் மிகக் குறைவு. ஏற்கெனவே வருகிறவர்கள் விட்டுப் போகாமல் இருப்பதற்கும், இன்னொருவரிடம் உங்கள் கடையைச் சொல்வதற்கும் அது உதவும். நான் கணக்கு பார்க்கும் கடைகளில் கண்டது இதுதான்.

நல்ல காரியம் செய்யும் கடையில் வாங்க விருப்பமா என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். கல்லாவுக்கு முன்னால் நிற்கும்போது விலையும் ருசியும்தான் முதலில் கண்ணுக்குத் தெரியும். 2019இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவியூ இதழில் ஒரு கட்டுரை வந்தது. அதில் சொல்லப்பட்ட கருத்துக் கணிப்பில், நல்ல நோக்கமுள்ள நிறுவனங்களின் பொருளை வாங்க விரும்புவதாகச் சொன்னவர்கள் 65 சதவீதம். உண்மையில் வாங்கியவர்கள் 26 சதவீதம்தான்.

பெரிய அளவில் பலித்த உதாரணமும் உண்டு. 1983இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனம், தன் அட்டையைப் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் ஒரு சென்ட் சுதந்திர தேவி சிலையின் சீரமைப்புக்குப் போகும் என்று அறிவித்தது. அட்டைப் பயன்பாடு 28 சதவீதம் கூடியது, 17 லட்சம் டாலர் சேர்ந்தது. அது சுற்றுச்சூழல் காரியம் இல்லை. ஆனால் ஏன் பலித்தது என்று பாருங்கள். எல்லோருக்கும் தெரிந்த சிலை, சின்னத் தொகை, வாடிக்கையாளர் செய்யும் ஒரு செயலோடு நேராகக் கட்டிய கணக்கு. உங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த குளம் எது என்று யோசியுங்கள்.

கேள்வி (தாராபுரம், ஜவுளிக் கடை): கடையின் ஐந்தாம் ஆண்டு விழாவுக்கு 500 மரக்கன்று இலவசமாகக் கொடுக்கலாம் என்றிருக்கிறோம். பலன் இருக்குமா மேடம்?

பதில்: வேண்டாம் என்று சொல்லத்தான் தோன்றுகிறது. ஏனென்றால் நான் அதைச் செய்து பார்த்தவள். பேக்கரியின் மூன்றாம் வருடம் வேம்பு, புங்கன், நாவல் என்று 300 கன்று வாங்கி, பில் போட்ட எல்லோருக்கும் கொடுத்தேன். மத்தியானத்துக்குள் தீர்ந்துவிட்டது. மனசு நிறைந்து போயிற்று. சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் போனால், பெஞ்சுக்கு அடியில் வரிசையாகக் கறுப்புக் கவர்கள். ஒரு ஆடு புங்கன் கன்றை மண்ணோடு இழுத்துக்கொண்டிருந்தது. வாங்கியவர்கள் மேல் தப்பில்லை. வாடகை வீட்டில் இருப்பவர் எங்கே நடுவார்? ஆறு கிலோமீட்டர் பஸ்ஸில் போகிறவர் எப்படிப் பிடித்துக்கொண்டு நிற்பார்?

அடுத்த வருடம் 12 கன்றுதான். கடை இருந்த தெருவிலேயே, வீட்டுக்காரர்களிடம் கேட்டு, நகராட்சியில் சொல்லிவிட்டு நட்டோம். கூண்டுக்கும் தண்ணீர் ஊற்றும் ஆளுக்கும்தான் செலவு அதிகம். கன்றின் விலை ஒன்றுமே இல்லை. தினம் காலையில் பன்னும் டீயும் சாப்பிட வரும் ஒரு பெரியவர் இருந்தார். டம்ளரில் மிஞ்சும் தண்ணீரைக் கடை வாசல் புங்கன் கன்றில் ஊற்றிவிட்டுத்தான் வேட்டியை மடித்துக் கட்டுவார். ஒரு நாள் கல்லாவுக்கு வந்து, “ஏம்மா, மூணாவது வீட்டு முன்னால உன் மரம் வாடுது, பாக்கறதில்லையா?” என்று அதட்டினார். உன் மரம் என்றார். அவர் வீட்டுப் பிறந்தநாள், கல்யாண நாள் எல்லாவற்றுக்கும் கேக் என் கடையில்தான் என்றானது அதற்கப்புறம்தான்.

500 பேருக்குக் கொடுக்க வைத்திருக்கும் பணத்தில் 15 மரத்தை மூன்று வருடம் வளர்த்துக் காட்டுங்கள். விழா அன்று கொடுக்க ஏதாவது வேண்டுமென்றால் கீரை விதைப் பொட்டலம் போதும். தொட்டியிலும் முளைக்கும்.

கேள்வி (ஈரோடு, மளிகைக் கடை): கடைப் பெயர் அச்சடித்த துணிப்பை கொடுக்கிறோம். இதுவும் சுற்றுச்சூழல் சேவைதானே?

பதில்: முதலில் அது துணிதானா என்று பாருங்கள். கடைகளில் துணிப்பை என்று கொடுப்பதில் நிறைய, நெய்யாத பாலிப்ரோப்பிலீன் பை. தொட்டால் துணி மாதிரி மெத்தென்று இருக்கும், நூலே இருக்காது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட 14 வகைப் பொருட்களில் அதுவும் ஒன்று. பலருக்கு இது தெரியாமல், அபராதம் கட்டியபின்தான் தெரிகிறது. ஓரத்தில் சின்னத் துண்டு வெட்டி நெருப்புக் காட்டுங்கள். பருத்தி சாம்பலாகும். பிளாஸ்டிக் உருகிச் சொட்டி, ஆறினால் மணி மாதிரி கெட்டியாகிவிடும்.

நிஜப் பருத்திப் பை என்றால் மிக நல்ல செலவு. 2021 டிசம்பரில் அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியபின், மஞ்சப்பையைக் கையில் பிடிக்க யாரும் கூச்சப்படுவதில்லை. உங்கள் பெயர் சந்தைக்கும் கோயிலுக்கும் போய்வரும். ஆனால் தைப்பு உறுதியாக இருக்கட்டும், காது இரட்டைத் தையல் போடச் சொல்லுங்கள். இரண்டு கிலோ அரிசிக்கே காது அறுந்தால், அறுந்தது உங்கள் பெயர் போட்ட பை.

கேள்வி (மதுரை, மளிகைக் கடை): வெளிநாட்டில் விற்பனையில் ஒரு சதவீதம் கொடுக்கிறார்களாமே. நானும் அப்படி போர்டு வைக்கட்டுமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். படகோனியா என்ற அமெரிக்க ஆடை நிறுவனம் 1985இலிருந்து விற்பனையில் ஒரு சதவீதத்தைச் சுற்றுச்சூழலுக்குக் கொடுத்து வருகிறது. அதன் நிறுவனர் இவோன் ஷுனார் 2002இல் இன்னொருவரோடு சேர்ந்து, மற்ற நிறுவனங்களும் அதே உறுதியை எடுக்க ஓர் அமைப்பையே தொடங்கினார். லாபத்தில் சதவீதம் என்று சொல்லாமல் விற்பனையில் என்று சொன்னது எனக்கு மிகவும் பிடிக்கும். லாபத்தைக் கணக்கில் குறைத்துக் காட்டலாம், விற்பனையை மறைப்பது கஷ்டம்.

ஆனால் மளிகையின் லாபம் ஆடையின் லாபம் மாதிரி இல்லை. தினம் 8,000 ரூபாய் விற்றால் மாதம் 2,40,000. ஒரு சதவீதம் 2,400. எல்லாச் செலவும் போக உங்கள் கையில் நிற்பது 5 சதவீதம் என்று வையுங்கள், 12,000. அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கொடுக்கிறேன் என்று போர்டு வைக்கிறீர்கள். ஆறாவது மாதம் போர்டைக் கழற்றினால், வைக்காமல் இருந்திருந்ததைவிடப் பேர் கெடும். லாபம் நன்றாக நிற்கும் ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்களே அரைக்கும் மசாலாத் தூள் மாதிரி. ஒரு பாக்கெட்டுக்கு 2 ரூபாய் என்று சொல்லுங்கள். சதவீதத்தைவிட ரூபாய் எல்லோருக்கும் புரியும்.

கேள்வி (திருப்பூர், பனியன் ஜாப் ஒர்க்): வருடா வருடம் மரம் நட நன்கொடை தருகிறோம். வெளிநாட்டு பையர்களிடம் இதைச் சொன்னால் ஆர்டர் கிடைக்குமா சார்?

பதில்: (சார் இல்லை, அக்கா. பரவாயில்லை!) நன்கொடையால் ஆர்டர் கிடைக்காது. பையர் கேட்பது சாயத் தண்ணீர் எங்கே போகிறது, நூலுக்குச் சான்றிதழ் இருக்கிறதா என்பதைத்தான். நொய்யலில் சாயக் கழிவு கலந்த வழக்கில், சொட்டுக் கழிவுகூட வெளியே விடாத முறைக்கு மாறாத சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த நாட்களை உங்கள் ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எந்தப் பட்டறையில் சாயம் போடுகிறீர்கள், அவர்களிடம் சுத்திகரிப்புக்கு என்ன ஏற்பாடு என்பதற்குக் காகிதம் வைத்திருங்கள். முதலில் அதற்குச் செலவு பண்ணுங்கள்.

மரத்துக்குக் கொடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. ‘வனத்துக்குள் திருப்பூர்’ மாதிரி உள்ளூர் முயற்சிகள் ஊருக்கு எவ்வளவு நல்லது செய்திருக்கின்றன என்று நீங்களே பார்க்கிறீர்கள். கொடுங்கள். ஆர்டருக்காகக் கொடுக்காதீர்கள்.

கேள்வி (திருச்சி, ஹோட்டல்): நன்கொடைக்கு வரிச் சலுகை உண்டா?

பதில்: வருமான வரித் துறையில் நன்கொடைச் சலுகைக்கான பதிவு (80ஜி என்று சொல்வார்கள்) உள்ள அமைப்புக்குக் கொடுத்தால் உண்டு. பெரும்பாலான அறக்கட்டளைகளுக்குக் கொடுப்பதில் பாதித் தொகை கழியும், அதற்கும் உச்சவரம்பு இருக்கிறது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழியாது. தனிநபர் புதிய வரி முறையில் இருந்தால் இந்தச் சலுகையே கிடையாது. இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

நன்கொடை வேறு, விளம்பரச் செலவு வேறு. கடைப் பெயர் போட்ட பருத்திப் பை வியாபாரச் செலவாகவே கணக்கில் போகும். எது எதில் போகும் என்று பணம் கொடுப்பதற்கு முன்னால் ஆடிட்டரிடம் கேளுங்கள். மார்ச் கடைசியில் கேட்டால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அப்புறம், பெரிய கம்பெனிகள் மாதிரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவு செய்வது கட்டாயமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். இல்லை. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனிகளுக்குத்தான் அந்தச் சட்டம்.

கேள்வி (நாகர்கோவில், சோப்பு தயாரிப்பு, வீட்டிலிருந்து): லேபிளில் ‘இயற்கைக்கு உகந்தது’ என்று போடலாமா அக்கா?

பதில்: என்ன காரணத்தால் என்று அடுத்த வரியில் எழுத முடிந்தால் போடுங்கள்மா. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் இதற்கென்றே வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிட்டது. பசுமை, சுற்றுச்சூழலுக்கு உகந்தது மாதிரிப் பொதுவான சொற்களுக்கு ஆதாரம் காட்ட வேண்டும். தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ‘பிளாஸ்டிக் உறை இல்லை, காகிதத்தில் சுற்றியது’ என்று எழுதுங்கள். உண்மை, வாங்குகிறவர் கையிலேயே தெரியும், யாரும் கேள்வி கேட்க முடியாது.

கேள்வி (கரூர், ஸ்டேஷனரி கடை): கொடுத்ததால்தான் வியாபாரம் கூடியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: கல்லாவில் 40 பக்க நோட்டு ஒன்று போடுங்கள். புதுமுகம் வந்தால், “எப்படிங்க கேள்விப்பட்டீங்க?” என்று கேட்டு ஒரு வார்த்தை எழுதுங்கள். பக்கத்து வீட்டுக்காரர், போர்டு, வாட்ஸ்அப், குளம், அவ்வளவுதான். மூன்று மாதத்தில் எண்ணிப் பாருங்கள். விற்பனையைப் போன மாதத்தோடு ஒப்பிடாதீர்கள், போன வருடத்தின் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். ஜூன் மாதம் மரம் நட்டுவிட்டு, நோட்டுப் புத்தகம் நன்றாக விற்கிறது என்று சந்தோஷப்பட்டால், அது பள்ளிக்கூடம் திறந்ததால் வந்த வியாபாரம்.

கேள்வி (சூலூர் பக்கம், ஹார்டுவேர் கடை): எங்கள் ஊர்க் குளத்தில் சீமைக்கருவேலத்தை எடுக்க இளைஞர்கள் கடைக்கு 5,000 கேட்கிறார்கள். கொடுத்தால் கரையில் கடைப் பெயர் போர்டு வைக்கச் சொல்லட்டுமா?

பதில்: கட்டாயம் கொடுங்கள். கோவையில் நீர்நிலைகளைக் காக்கும் சிறுதுளி அமைப்பு 2003இல் தொடங்கியபோது தொழில் நிறுவனங்களும் பொதுமக்களும் சேர்ந்துதான் குளங்களைத் தூர்வாரினார்கள். இன்று நகருக்குள் தண்ணீர் நிற்கும் குளங்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த உழைப்பு என் கண்ணில் நிற்கும். உங்களால் முடிந்தால் 3,000 பணமாகவும், மிச்சத்துக்கு மண்வெட்டி, பாண்டு, கையுறை என்று சரக்காகவும் கொடுங்கள். ஹார்டுவேர் கடைக்காரர் கொடுத்த மண்வெட்டி என்று வேலை செய்கிறவர்களே சொல்லுவார்கள். முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நீங்களும் போய் நில்லுங்கள்.

கரையில் உங்கள் பெயர் தனியாக வேண்டாம். கொடுத்த எல்லோர் பெயரும் தொகையும் ஒரே பலகையில் எழுதச் சொல்லுங்கள், 100 ரூபாய் கொடுத்தவரும் அதில் இருக்கட்டும். கடைக்குள் குளத்தின் இரண்டு படம் மாட்டுங்கள், முள் மண்டிக் கிடந்தபோது எடுத்தது ஒன்று, மழைக்குப் பிறகு எடுத்தது ஒன்று. அந்த முதல் படத்தை வேலை தொடங்குவதற்கு முன்னால் இந்த வாரமே எடுத்துவிடுங்கள். பணத்துக்கு ரசீதும் மறக்காமல் வாங்குங்கள்.