நாய்க்கு மூக்கில் ரத்தம், டாக்டர்மேல் சந்தேகம்: என்ன செய்வது?

கேள்வி: மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம். எங்கள் நாட்டு நாய்க்கு 4 வயது. போன வாரம் மூக்கில் ரத்தம் வந்தது. டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, உண்ணிக் காய்ச்சல், 28 நாள் மாத்திரை கொடுங்கள் என்றார். ஆறே நாளில் நன்றாகச் சாப்பிடுகிறது. மாத்திரையை நிறுத்தலாமா? எதற்கு இத்தனை ஊசி, எதற்கு டெஸ்ட் என்று கேட்டால், "நீங்க டாக்டரா, நான் டாக்டரா?" என்கிறார். காசுக்காகச் செய்கிறாரோ என்று தோன்றுகிறது. வேறு டாக்டரிடம் போகலாமா? இன்னொன்று, முதல் நாள் மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். திட்டுவார் என்று அவரிடம் சொல்லவில்லை.

பதில்: மாத்திரையை நிறுத்தாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

உண்ணிக் காய்ச்சலுக்கு வழக்கமாகத் தருவது டாக்ஸிசைக்ளின். 28 நாள் என்பது உங்களை அலைக்கழிக்கச் சொன்ன கணக்கு இல்லை. இந்தக் காய்ச்சலைக் கொடுக்கும் எர்லிச்சியா என்கிற கிருமி ரத்தத்தின் வெள்ளணுக்களுக்குள்ளேயே குடியிருப்பது. மருந்து உள்ளே போன இரண்டு மூன்று நாளில் நாய் தெளிந்து சோறு தின்னும், வாலாட்டும். கிருமி மட்டும் முழுசாகப் போயிருக்காது. பாதியில் விட்டால் மண்ணீரலில் ஒளிந்திருந்து, மாதங்கள் கழித்து எலும்பு மஜ்ஜையையே கெடுக்கலாம். அந்தக் கட்டத்தில் காப்பாற்றுவது மிகவும் சிரமம். மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி எடுக்கும். சோற்றோடு கொடுங்கள், பாலில் கரைக்க வேண்டாம்.

இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். உங்கள் டாக்டர் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததோடு, கேட்டவர்களிடம் எரிந்து விழுந்ததும் தவறுதான். ஆனால் அந்த வலி மாத்திரையை நீங்கள் மறைத்தது அதைவிடப் பெரிய விஷயம்.

நமக்கு எழுதித் தரும் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவை நாயின் வயிற்றில் புண்ணாக்கி ரத்தம் கசிய வைக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். சில வலி மாத்திரைகள் ரத்தம் உறைவதையே தடுக்கும். உண்ணிக் காய்ச்சலில், ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் ஏற்கெனவே இறங்கியிருக்கும் (டெங்கு வந்த பிறகு இந்த வார்த்தை எல்லா வீட்டுக்கும் தெரியும்). அதன்மேல் இப்படி ஒரு மாத்திரையும் சேர்ந்தால் ரத்தப்போக்கு கூடும். பூனையாக இருந்தால் ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரையிலேயே உயிர் போகலாம்.

நம் பக்கத்தில் மூக்கில் ரத்தத்தோடு நாய் வந்தால் என் மனசில் இரண்டு சந்தேகம் ஓடும். ஒன்று உண்ணிக் காய்ச்சல். இன்னொன்று வரப்பில் வைக்கும் எலி கேக். புரோமேடியோலோன் என்கிற விஷம் கலந்த அந்தக் கேக்கைத் தின்ற நாய்க்கு உடனே ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்துத்தான் ரத்தம் கசியும். அதற்கு மருந்து வைட்டமின் கே1, வாரக்கணக்கில் தர வேண்டும். டாக்ஸிசைக்ளின் அதற்கு உதவாது. பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். வீட்டுக்காரர் சொல்லும் ஒரு வரிதான் பல நேரம் வழிகாட்டும்.

ஒரு சம்பா சமயத்தில் அப்படி ஒரு நாய் வந்தது. "எலி மருந்து வைத்தீர்களா?" என்று மூன்று தடவை கேட்டேன். இல்லை என்றே சொன்னார்கள். வெளியே திண்ணையில் இருந்த பாட்டிதான், "நாலு நாளைக்கு முன்னாடி வயல்ல வச்சோமேய்யா" என்றார். நாய் பிழைத்தது. அன்று ராத்திரி யோசித்தபோதுதான் உறைத்தது, நான் போலீஸ்காரர் மாதிரி கேட்டிருக்கிறேன். பயந்தவர்கள் எப்படிச் சொல்வார்கள்? அதிலிருந்து, "எலி மருந்து வைக்காத வயல் ஏது, எப்போ வச்சீங்க?" என்றுதான் கேட்கிறேன்.

நாளைக்கே போய், "டாக்டர், முதல் நாள் இந்த மாத்திரை கொடுத்துட்டோம், பயத்துல சொல்லல" என்று அட்டையைக் காட்டுங்கள். வயலில் மருந்து வைத்திருந்தால் அதையும் சொல்லுங்கள். காலைக் கூட்டம் கரைந்த பிறகு போனால் அவருக்கும் பேச நேரம் இருக்கும். "ஏன் இந்த டெஸ்ட்?" என்பது குற்றம் சாட்டுவதாகக் காதில் விழலாம். "இந்த ரிசல்ட் வந்தா வைத்தியம் மாறுமாங்க?" என்று கேளுங்கள். மாறும் என்றால் டெஸ்ட் தேவை. செலவையும் கூச்சப்படாமல் முதலிலேயே பேசிவிடுங்கள். "என்னால இவ்வளவுதான் முடியும், எதை முதல்ல செய்யலாம்?" என்று கேட்பவர்மேல் எனக்கு மரியாதைதான் கூடியிருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் அவர் எரிந்து விழுந்தால் தாராளமாக மாறுங்கள், அதில் துரோகம் ஒன்றுமில்லை. ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே காட்டலாம். எங்கே போனாலும் ரத்தப் பரிசோதனைச் சீட்டு, போட்ட ஊசிகளின் பெயர், மாத்திரை அட்டை மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள். ஊசியின் பெயரைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம், அது உங்கள் உரிமை. இவை இல்லாமல் போனால் புது டாக்டர் முதலிலிருந்து தொடங்குவார், செலவும் இரட்டிப்பாகும்.

28 நாள் முடியும்போது பிளேட்லெட்டை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். அதற்குள் நாய் படுக்கும் இடத்தின் சுவர் இடுக்கு, சாக்கு, கட்டிலின் அடி எல்லாவற்றிலும் உண்ணி இருக்கிறதா என்று தேடுங்கள். நாயின் மேல் இருப்பதைவிட அங்கேதான் அதிகம் இருக்கும்.