96 சதவீத ஒற்றுமையை மட்டும் நம்பி மேடை ஏறாதீர்கள்

கல்லூரிப் பட்டிமன்றத்தில் 'கொரோனா வூகான் ஆய்வகத்தில் கசிந்ததே' என்ற அணியில் பேசுகிறீர்கள், அந்த ஆய்வகம் ஆராய்ந்த ஆர்ஏடிஜி13 என்ற வௌவால் வைரஸ் கொரோனா வைரஸோடு 96 சதவீதம் ஒத்துப்போவதை முக்கியச் சான்றாக வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். எதிரணியில் உயிரியல் படித்தவர் ஒருவர் இருந்தாலே அந்த வாதம் விழுந்துவிடும்.

கொரோனா வைரஸின் மரபணுத் தொடரில் சுமார் 30,000 எழுத்துகள். 4 சதவீத வித்தியாசம் என்றால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்துகள் வேறு. அவையும் தொடர் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. இயற்கையில் அவ்வளவு மாற்றம் சேரப் பல பத்தாண்டுகள் ஆகும். ஆக, இரண்டும் தூரத்து உறவுதான். அப்புறம், லாவோஸ் வௌவால்களில் கிடைத்த பனால்-52 என்ற வைரஸ் இன்னும் கொஞ்சம் நெருக்கம், 96.8 சதவீதம். அதையும் எதிரணி எடுக்கும்.

உங்கள் அணிக்கு வலுவான கேள்விகள் வேறு இடத்தில் இருக்கின்றன. 2012-ல் சீனாவின் யுன்னான் மாகாணத்து மோஜியாங் சுரங்கத்தில் வேலை செய்த 6 பேருக்குக் கடும் நிமோனியா வந்து 3 பேர் இறந்தார்கள். ஆர்ஏடிஜி13 கிடைத்தது அதே சுரங்கத்தில்தான். வூகான் ஆய்வகத்தின் 2020 பிப்ரவரிக் கட்டுரை இதைச் சொல்லவில்லை, நவம்பரில் வந்த பின்னிணைப்புதான் சொன்னது. ஏன் அந்தத் தாமதம் என்று கேளுங்கள்.

வூகானில் உயிருள்ள விலங்குகளும் விற்கப்பட்ட ஹுவானன் சந்தையைச் சுற்றி ஆரம்ப நோயாளிகள் குவிந்திருந்தது எதிரணியின் பெரிய பலம், அதற்குப் பதில் தயார் செய்யுங்கள். கேட்ட தரவுகளைச் சீனா முழுமையாகத் தரவில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2025 ஜூனில் சொன்னது. நானாக இருந்தால் அதிலிருந்துதான் பேச்சைத் தொடங்குவேன்.